திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள்

அம்மா அன்று ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தது சரிதானா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

மலாயாவில், மூவாரில் எங்கள் வீட்டுக் கொடியில் ஈர வேட்டி காயும் வாசனை வந்தாலே சிறு வயதில் ரப்பர் தோட்டத்தில் பார்த்த ஊமைப்படம் நினைவுக்கு வரும். மறுபக்கமும் படம் தெரிய வெள்ளைத் துணியை நனைத்துத் திரையாகக் கட்டுவார்கள். ஆண்கள் முன்னால் இருந்து பார்ப்பார்கள். பெண்களுக்குத் திரையின் பின்பக்கம்.

ஒருமுறை படம் பார்த்த மறுநாள் காலை, எங்கள் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் குழாயடியில் படப்பேச்சுதான்.

"இடது கையாலேயே என்னமா வாள் வீசுறான்!" என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். "அது வலது கைடி. பின்னால உக்காந்தா மாறித்தான் தெரியும். உனக்கெதுக்குப் படப்பேச்சு?"

குழாயடியே சிரித்தது.

அடுத்த படத்துக்கு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். அப்பா எழுந்து போய்விட்டார். அதன்பிறகு அவர்கள் இருவரும் படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

இப்போது டவுனுக்குப் பேசும்படம் வந்திருக்கிறது. பெண்களுக்கு ஓரமாக, தூண் மறைக்கிற இடம்.

"நாம ரெண்டு பேரும் அப்பா பக்கத்துலயே உக்காரலாம்மா. அப்பத்தானே வீட்டுக்கு வந்து படத்தப் பத்தி அவரோட சண்டை போட முடியும்?" என்கிறாள் என் எட்டு வயது மகள்.

அப்படியே உட்காருவதென்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் என் கணவரும் எழுந்து போய்விடாதபடி இதை எப்படிச் சொல்வது? தெரிந்த சகோதரிகள் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள்.