பத்துக்கு மேல் தலை கிடையாது

உலகத்தில் மண்டைகளைக் காப்பாற்றியவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், ஹெல்மெட்டைக் கண்டுபிடித்தவருக்கு இரண்டாம் இடம்தான். முதலிடம் என் சித்திக்கு. அவள் பிறந்திருக்காவிட்டால் எங்கள் ஃபுட்பால் டீமில் பாதிப் பேர் இந்நேரம் சொந்தப் பெயரையே பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

சித்திக்குச் சலவைக் கடையில் வேலை. வருகிற துணிகளின் காலரில், எந்த வீட்டுத் துணி என்று தெரிவதற்காக, தண்ணீரில் போகாத மார்க்கரால் குறி போடுவாள். பதினோரு வருஷத்தில் ஒருத்தர் சட்டை இன்னொருத்தர் வீட்டுக்குப் போனதில்லை. சாயங்காலம் அதே மார்க்கரோடு மைதானத்துக்கு வந்துவிடுவாள்.

அவளும் ஆடியவள்தான். பெண்கள் அணியில் பதினான்கு வருஷம் டிஃபென்ஸ். உயரே வருகிற பந்தெல்லாம் அவள் நெற்றிக்குத்தான் எழுதி வைத்தது. இப்போது நாற்பத்தாறு வயதில், அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிறாள். பந்துதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சித்தி அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. கோச்சைப் பிடித்து, பயிற்சியில் ஒரு பையனுக்கு தலையால் பந்தை முட்டும் ஹெட்டர் வாரத்துக்குப் பத்துதான் என்று சட்டம் போட்டுவிட்டாள். ஜெர்சியெல்லாம் அவள் பொறுப்பு. ஒவ்வொன்றின் கையிலும் ஒரு வெள்ளைத் துணிப்பட்டை. திங்கட்கிழமை புதுசு தைப்பாள். பந்து தலையில் பட்டால் பட்டையில் ஒரு கோடு. பத்தாவது கோடு விழுந்த பிறகு, பந்தே வந்து கெஞ்சினாலும் தலையைக் கொடுக்கக் கூடாது.

எனக்கோ தலையை விட்டால் வேறு திறமை கிடையாது. காலில் பந்து வந்தால் எனக்கே சிரிப்பு வரும்.

முதல் தடவை சும்மா விளையாட்டுக்குத்தான் செய்தேன்.

"நில்லுடா, கோடு போடணும்."

"இப்பதானே சித்தி போட்டீங்க."

பட்டையைப் பார்த்தாள். எண்ணினாள். மார்க்கரை மூடிக்கொண்டு போய்விட்டாள். பையன்கள் திரும்பி நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஒரு நொடி அவள் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். அடுப்படியில் நிற்கும்போது பார்த்திருக்கிறேன். தெரிந்தும் அடுத்த நாள் செய்தேன். அடுத்த வாரமும் செய்தேன். அவளுக்குத் தன் தலை மேல் சந்தேகம். என் வாய் மேல் சந்தேகமே இல்லை. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

போன வியாழக்கிழமை மார்க்கரைக் கொண்டுபோய் கோச்சிடம் நீட்டினாள்.

"இனிமே வேற யாராவது போடட்டும் தம்பி. என் கணக்கு சரியா வரல."

"ஏன்க்கா, நல்லாத்தானே போயிட்டு இருக்கு?"

"போட்டேனா இல்லையான்னே தெரியல. பிள்ளைங்க மண்டை, விளையாட்டு இல்ல. நாளைக்குக் கடையிலயும் வேலைய விட்டு நின்னுக்கறேன்னு சொல்லிடப் போறேன். யார் துணியையாவது மாத்திக் கொடுத்துட்டா?"

எங்கள் கோல்கீப்பருக்கு 'வாசல்' என்று பெயர், எப்போதும் திறந்தே இருப்பதால். அவன் என் விலாவில் இடித்தான். "இப்ப சிரி பாப்போம்" என்றான்.

சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது ஜெர்சி மூட்டையை நான் வாங்கிக்கொண்டேன். நான் அதைச் செய்ததே அவளுக்கு அதிசயமாக இருந்திருக்கும்.

"கடையில ஒண்ணும் சொல்லாதீங்க சித்தி."

"ஏன்?"

"நீங்க எதையும் மறக்கல. போடாத கோட்டைப் போட்டீங்கன்னு நான்தான் புளுகினேன்."

நின்றாள். "எத்தனை தடவை?"

"ரெண்டு."

அவள் இடுப்பில் கையை வைத்தாள்.

"மூணு இருக்கும்."

திட்டியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு தப்பித்திருப்பேன். முதுகில் இரண்டு வைத்திருந்தால் இன்னும் நல்லது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல், மூட்டையின் முடிச்சைப் பார்த்தேன்.

"மூணு தடவைதான்னா, என் அலமாரில தலைவலி மாத்திரை ஏன்டா எட்டு குறையுது? நானே முழுங்கிட்டு மறந்துட்டேன்னுல்ல நினைச்சுட்டு இருந்தேன்."

நான் குனிந்து மூட்டையின் முடிச்சை இன்னும் இறுக்கினேன்.

சித்தி என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"எத்தனை நாளா வலிக்குது? இதையாவது புளுகாம சொல்லு."