என் மகளைத் தோற்கடித்தவர்கள்

நோர்வேயில் நாங்கள் பஸ்ஸில் ஏறும்போது எல்லோருடைய கண்களும் ஒரே நேரத்தில் யன்னல் பக்கம் திரும்பிவிடும். என் மகள் ஆரணி இரண்டு ஊன்றுகோல்களோடு ஏறுவதால் வந்த மரியாதை அது. போன கிழமை ஒரு சின்னப் பிள்ளை அவளுடைய காலைக் காட்டித் தாயிடம் ஏதோ கேட்கத் தொடங்கியது. தாய் அதன் கையை இறக்கி, வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டாள். பிறவியிலேயே கால்கள் அப்படி, நோவு ஒன்றும் இல்லை என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு விருப்பம். ஆனால் நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கூச்சக்காரன். இறங்கும் இடம் வந்துவிட்டது.

ஆரணியின் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல மாட்டேன். படி உள்ள இடமெல்லாம் சரிவுப் பாதையும் உண்டு. அங்கே கனோன்பால் என்று ஒரு விளையாட்டு. எறிகிற பந்து பட்டால் வெளியே போக வேண்டும். ஆரணி ஒருநாளும் வெளியே போனதில்லை. அவளைக் கண்டால் எறிகிற கை வேறு பக்கம் திரும்பிவிடும். “நான் சுவர் மாதிரி நிண்டனான் அப்பா” என்று வீட்டுக்கு வந்து அழுவாள். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ‘இன்குளுடேரிங்’ என்று பெருமையாகச் சொன்னார். எல்லோரையும் சேர்த்துக்கொள்வது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், “என் மகள் தோற்க வேண்டும்” என்றேன். அவருடைய முகம் மாறிவிட்டது. வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று மெல்லக் கேட்டார்.

பள்ளி விடுமுறைக்கு இலங்கைக்கு, சாம்பல்தீவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். வலை காயப்போடும் வெளியில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடினார்கள். அண்ணன் மகள் தர்சினிதான் அவர்களுக்குத் தலைவி.

“உன்ர காலுக்கு என்ன?” என்று அவள் ஆரணியிடம் கேட்டாள்.

“பிறக்கேக்கையே இப்பிடித்தான்.”

“நோகுமோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? வா!”

ஆரணிக்காக ஓட ஒருவனை விட்டார்கள். அவள் ஒரு கையில் கோலும் மறு கையில் மட்டையுமாக நின்றாள். தர்சினியின் இரண்டாவது பந்து விக்கெட்டைத் தூக்கியது. என்னால் பொறுக்க முடியவில்லை.

“பிள்ளை, அவளுக்கு இன்னொரு பந்து போடன்.”

“சித்தப்பா, நீங்கள் என்ன அம்பயரோ? போய்த் தேத்தண்ணி குடியுங்கோ.”

“அது நோ போல்! நீ கோட்டைத் தாண்டினனீ!” என்று ஆரணி கத்தினாள்.

“நொண்டிச் சாட்டுச் சொல்லாத, போ!”

நான் சட்டென்று ஆரணியின் முகத்தைப் பார்த்தேன். அவள் ‘நொண்டி’ என்ற சொல்லைக் கவனிக்கவே இல்லை. கோலால் மணலில் கோட்டைக் காட்டிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று இரவு கோபத்தில் சாப்பிடவில்லை. காலையில் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

அந்தக் கூட்டத்தில் கால் இயலாத இன்னொரு பிள்ளையும் இருந்தாள். அவள் பள்ளிக்கூடம் போவதில்லை. ஏன் என்று ஆரணி கேட்டாள்.

“அங்க படியெல்லே. சின்னனில தூக்கிக்கொண்டு போனவை. இப்ப ஏலாது” என்றாள் தர்சினி, மழை பெய்தால் நனையும் என்பதுபோல. ஒரு பந்துக்கு அவ்வளவு வழக்காடும் பிள்ளைகள், அந்தப் படிகளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. பெரியவர்களும் கேட்டதில்லை. ஊர்தான் நல்லது என்று இங்கே நோர்வேயில் சிலர் சொல்கிறார்கள், வெளிநாடுதான் நல்லது என்று அங்கே சொல்கிறார்கள். நான் இரண்டுக்கும் தலையாட்டுவதில்லை.

விடுமுறை முடிந்து திரும்பியதும், எனக்கும் எறியுங்கள் என்று ஆரணி வகுப்பில் சண்டை பிடித்தாளாம். நேற்று பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கூட்டிவரப் போனேன். விளையாட்டு மண்டபத்தின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே கனோன்பால், ஒரே சத்தம். பந்து ஆரணியின் ஊன்றுகோலில் பட்டுவிட்டது. கோல் உடம்பு இல்லை, கணக்கில் வராது என்றான் ஒருவன். கோலும் நான்தான், நான் வெளியே என்றாள் ஆரணி. அப்படியென்றால் நீ கோலால் பந்தைத் தடுக்கவும் கூடாது என்று ஒருத்தி பாய்ந்தாள். ஆசிரியை கலங்கிப்போய் என்னிடம் வந்து, நிறுத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கூச்சமில்லாமல், சத்தமாகவே சொன்னேன்.

நான் உள்ளே போகவும் இல்லை, விலகவும் இல்லை. வாசலில் நின்றபடியால் கதவு மூடப் பார்ப்பதும், என்னை உணர்ந்து திறப்பதுமாக இருந்தது. உள்ளே என் மகளுக்கு ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.