நேராகக் கூட்டிய முற்றம்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராகவும் போர்டிங் வார்டனாகவும் இருந்தபோது, நல்லெண்ணெய் போத்தலில் எண்ணெய் நிற்கும் மட்டத்துக்குக் கறுப்பு நூல் கட்டி வைப்பேன். சோப்புக் கட்டியில் நகத்தால் அடையாளம் கீறி வைப்பேன். என்னைக் கண்டதும் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று அதற்கும் ஒரு விசாரணை நடக்கும்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களின் தொடக்கத்தில், வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விதவை எங்கள் காம்பவுண்டில் முற்றம் கூட்ட வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஞானஸ்நானம் வேண்டும் என்று தானாகவே கேட்டு வந்தவள். பள்ளியை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா அவளுக்குப் பின்கட்டில் ஓர் அறை கொடுத்து, ஈஸ்டர் அன்று ஞானஸ்நானம் என்று முடிவு செய்தார். அதுவரை அவள் நடத்தையைக் கவனித்துச் சொல்லும் வேலை எனக்கு. ஆளைத் தெரிந்துதான் கொடுத்தார்.

முதல் வாரமே எனக்கு வேலை வந்துவிட்டது. காலையில் ஜன்னலைத் திறந்தால், வைகை மணல் கொட்டிய முற்றம் முழுக்க விளக்குமாற்றின் தடம் வளைந்து வளைந்து கிடந்தது. ஒரு வளைவு இன்னொன்றுக்குள் புகுந்து, வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. உதிர்ந்த வேப்பம்பூவைக்கூட அள்ளாமல் நடுநடுவே சின்னச் சின்னக் குவியலாக விட்டிருந்தாள். பார்க்க அழகாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் ஜனங்களுக்குள் கோலம் கிடையாது. ஞானஸ்நானம் எடுத்த அன்றே கோலமாவு டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தெருவில் வாசல் வெறுமையாக இருந்தால் அது வேதக்காரர் வீடு என்று தெரிந்துகொள்ளலாம். என் அம்மாவும் அப்படி விட்டவள்தான். மாவு சலிக்கும்போது மட்டும் அவள் விரல் சுளகில் விழுந்த மாவில் தானாக ஏதோ சுழிக்கும். நான் எட்டிப் பார்த்தால் உள்ளங்கையால் அழித்துவிட்டு, "போயி வேதபாடத்தைப் படி" என்பாள்.

அன்றே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா இது, முற்றத்துல கோலம் போட்டு வச்சிருக்க?"

"கோலமா? மாவு ஏது டீச்சரம்மா எங்கிட்ட? வெளக்கமாறு போற போக்குல போகுது."

"நேராப் போகாதோ?"

"நேராக் கூட்டுனா இடுப்பு புடிக்குது. இம்புட்டுப் பெரிய முத்தமுல்ல."

பதில் சரியாகத்தான் இருந்தது. இவ்வளவு சரியாக இருக்கிறதே என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் விடிவதற்குள் எழுந்து சமையற்கட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். அவள் தன் காலடி மணலில் பதியாதபடி பின்னாலேயே நகர்ந்துகொண்டு கூட்டினாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. மந்திரம்தான் என்று தீர்மானித்துவிட்டேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மரத்துக்குப் பின்னால் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

அவள் சொன்னது இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். ஞானஸ்நான ஆயத்த வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஒரு வரிக்கு ஒரு வளைவு. வரி மறந்துபோனால் விளக்குமாறும் நின்றுவிடும். ஞாபகம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து வளைவு தொடரும். ஜெபம் முடிந்தபோது கோடும் தொடங்கிய இடத்தைத் தொட்டது.

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் மனம் இளகியிருக்கும். நான் நேரே மிஸ்ஸியம்மாவிடம் போய், "ஜெபத்தை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு மணலில் கோலம் போடுகிறாள். பழைய பழக்கம் இன்னும் போகவில்லை" என்று சொன்னேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் இத்தனை வருஷமாக அதை விழுங்க முடியவில்லை.

மிஸ்ஸியம்மா ஞானஸ்நானம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றும், முற்றத்தை நேராகக் கூட்டச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். அதை அவளிடம் நானே சொன்னேன். அவள் "அம்புட்டு நாளா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாளிலிருந்து முற்றம் ரூல் போட்ட நோட்டுப்போல நேர்நேராக இருந்தது. வேப்பம்பூ ஒன்றுகூட மிச்சமில்லை.

அதே நாட்களில் நான் எங்கள் மிஷன் கோயிலில் அப்பம் வைக்கும் திருவிருந்து மேசைக்கு விரிப்பு ஒன்று தைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், சங்கிலித் தையல். மாதிரிப் புத்தகம் எதையும் நான் பார்க்கவில்லை. ஒருநாள் ஜெபித்துவிட்டுத் துணியை எடுத்தபோது, ஒரே கோடு எங்கும் அறுபடாமல் சுற்றிச் சுற்றி வரும் அந்தச் சித்திரம் மனதில் முழுசாக வந்து நின்றது. கர்த்தரே கொடுத்தது என்று நம்பினேன். மிஸ்ஸியம்மா அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, "முடிவில்லாத கிருபை" என்றார். போதகர் பிரசங்கத்திலேயே அதைச் சொல்லப் போவதாகக் கேள்வி. கால் தரையில் பாவவில்லை எனக்கு.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை விரிப்பை மேசைமேல் விரித்துவிட்டு, பூச்சாடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் விளக்குமாறு. துணியில் கைவைத்து அழுக்காக்கிவிடுவாளோ, கோபத்தில் கிழித்துவிடுவாளோ என்று எனக்குப் பதறியது.

"என்ன அங்க பாத்துக்கிட்டு நிக்கிற?"

"ஒண்ணுமில்ல டீச்சரம்மா."

"ஒண்ணுமில்லாமலா இவ்வளவு நேரம்?"

அவள் வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, துணியைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டினாள்.

"இது ஒம்பது புள்ளி. எங்கூர்ல தைப் பொங்கலுக்குப் போடுவோம். இந்தா, இந்த எடத்துல இழை மேல ஏறிப் போகணும். நீங்க கீழ விட்டுட்டீங்க. அதான் ஓரத்துல ஒரு புள்ளி அடைபடாம நிக்குது."

நான் துணியைப் பார்த்தேன். புள்ளி எதுவும் நான் வைக்கவில்லை. ஆனால் அவள் சொன்ன பிறகு ஒன்பது புள்ளியும் தெரிந்தன. அந்த ஒரு புள்ளி தனியாக நின்றது. அம்மா சுளகில் சுழித்ததை அழித்தபோது நான் பார்த்து முடிக்காத மூலை அதுதான்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் டீச்சரம்மா" என்றாள். மிரட்டுகிறாளா என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். அப்படி ஏதாவது இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. குனிந்து தரையைக் கூட்டிக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

மறுநாள் அந்த விரிப்பின்மேல்தான் அப்பமும் திராட்சரசமும் வைத்தார்கள். போதகர் முடிவில்லாத கிருபையைப் பற்றிப் பேசினார். அவள் கடைசி வரிசையில், ஞானஸ்நானம் பெறாதவர்களோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்று சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் நினைத்தேன். பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. சொல்லவில்லை. அந்த விரிப்பு வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தது. எல்லாரும் அதைப் புகழ்ந்தார்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஈஸ்டருக்கு அவளுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. நடத்தை நன்று என்று நான்தான் மிஸ்ஸியம்மாவிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் வேப்பமரத்தடியில் அவளைத் தனியாகப் பிடித்து, "இனிமே முத்தத்தை ஒன் இஷ்டப்படி கூட்டிக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவள் முற்றத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வேணாம் டீச்சரம்மா. நேராக் கூட்டிப் பழகிருச்சு."