கூலண்ட் கையும் மகிழம்பூப் பவுடரும்

மசக்கை வந்தால் சோறு பிடிக்காது, மீன் பிடிக்காது என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். புருஷனையே பிடிக்காமல் போகும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டுகிறவன். இரும்பைக் கடையும்போது சூடு தணிய ஊற்றுகிற கூலண்ட் இருக்கிறதே, அதன் வாடை சோப்பு போட்டாலும் எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் கையை விட்டுப் போகாது. கல்யாணமான புதிதில் என் மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதோ நான் கதவைத் திறந்தாலே வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.

"யோவ், நீ ஹால்லயே படுத்துக்க. எனக்கு உன் மேல கோவம் இல்ல. என் மூக்குக்குத்தான் கோவம்," என்றாள்.

மூக்குதானே, போகட்டும் என்று பாயை ஹாலில் விரித்தேன். அதுவரைக்கும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. குழந்தை உதைக்க ஆரம்பித்ததும்தான் வயிற்றெரிச்சல் பிடித்துக்கொண்டது. மாமியார் கை வைத்துப் பார்த்துவிட்டார். எதிர் வீட்டு அக்கா பார்த்துவிட்டார். வேலப்பன்சாவடியில் அவள் வேலை பார்க்கும் காலேஜ் ஆபீசில் ஒரு கூட்டமே பார்த்துவிட்டதாம். பெற்ற அப்பன் நான் மட்டும் அறை வாசலில் நின்று, கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல, "இப்ப உதைக்குதா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் பிள்ளை, என் கைக்கு மட்டும் இல்லை.

பாடி ஸ்பிரே அடித்துப் பார்த்தேன், நிலைமை மோசமானது. மல்லிகை அத்தர் அவளுக்குத் தலைவலி கொடுத்தது. அவளுக்குக் குமட்டாத ஒரே வாசனை மகிழம்பூ. கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருமுனைக் கோயிலில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கித் துப்பட்டா முனையில் முடிந்துகொள்வாள். பவுடர் போட்ட குழந்தை பக்கத்தில் வந்ததுபோல மெத்தென்ற மணம், பூ காய்ந்தாலும் போகாது. அதையே பவுடராக்கி உடம்பு முழுக்கப் பூசிக்கொண்டு அவள் எதிரில் போய் நிற்பது என்று முடிவு செய்தேன்.

இங்கேதான் என் தொழில் புத்தி வேலையைக் காட்டியது. கம்பெனியில் இரும்புத் துண்டுகளைச் சூடேற்றிப் பதப்படுத்த ஓர் ஓவன் உண்டு. வீட்டில் உலர்த்தினால் ஒரு பக்கம் காயும், ஒரு பக்கம் காயாது, ஓவன் என்றால் ஒரே சீராக இருக்கும் என்று சாப்பாட்டு நேரத்தில் பூவைத் தட்டோடு உள்ளே தள்ளிவிட்டேன். குறைந்த சூட்டில்தான் வைத்தேன். இரும்புக்குக் குறைந்த சூடு பூவுக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

பக்கத்து மெஷின்காரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான். "இன்னா மாமே, உள்ள பொட்டுக்கடலை வறுத்துகினு கீறியா?"

திறந்து பார்த்தால் தட்டில் பூ இல்லை, கருஞ்சீரகம் மாதிரி என்னவோ கிடந்தது. அவன் டீ வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த தடவை ஒழுங்காக வீட்டுக்குள் நிழலில், பழைய வேட்டியில் பரப்பினேன். பூ பறந்துவிடும் என்று ஃபேன் போடாமல் வேர்த்து வழிந்தேன். பூந்தமல்லி நாட்டு மருந்துக் கடையில் கிச்சிலிக் கிழங்கும் வெட்டிவேரும் சந்தனத் தூளும் வாங்கி, எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, ஆரோரூட் மாவில் கலந்தேன். கை வைத்தால் வழுக்கியது. வாசனை எனக்கே பெருமையாக இருந்தது.

ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, கழுத்திலிருந்து விரல் நுனிவரை பூசிக்கொண்டு கேரம் போர்டு மாதிரி அறை வாசலில் நின்றேன். அவள் கட்டிலிலிருந்து எழுந்து கிட்டே வந்து மோந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. பூவு வருது, சந்தனம் வருது. ஆனா அதுக்கு அடியில நீயும் வர்றியே," என்று சொல்லி முடிப்பதற்குள் ஓடிவிட்டாள்.

நான் பாயில் உட்கார்ந்தேன். அழுகை வந்துவிட்டது. இத்தனை பாடுபட்டும் ஒரு தடவை கை வைக்க முடியவில்லையே என்றிருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவள் என்னைப் பார்த்து அப்படியே நின்றாள். பிறகு பவுடர் டப்பாவை எடுத்துத் தன் கர்ச்சீப்பில் கவிழ்த்து, மூட்டையாகக் கட்டி, மூக்கில் அழுத்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூக்கு என்னுது. அதுக்கு நீ ஏன்யா மாவு பூசிகினு நிக்கிற? கைய குடு."

"வேணாம், மறுபடியும் கொமட்டப் போவுது."

"குடுன்றேன்ல."

அவளே பிடித்து இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிள்ளைக்கும் என்னை ஆகவில்லை போலிருக்கிறது என்று கையை எடுக்கப் போனேன். அப்போது உள்ளங்கையின் நடுவில் விழுந்தது ஓர் உதை.

நான் ஏதோ கத்திவிட்டேன். உடனே இன்னொன்று விழுந்தது.

"உங்கப்பன்தான் கண்ணு," என்று மூட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே வயிற்றைப் பார்த்துச் சொன்னாள் அவள். "பயப்படாத. நாத்தம் பழகிடும்."