வாயில் ஒன்றும் படக்கூடாது

தாதியாகச் சேர்ந்த முதல் வருடத்தில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று நியமனக் கடிதத்தில் இருந்தது. மற்றது, அந்தக் கண்டி ஆஸ்பத்திரியின் பெண்கள் வாட்டில் தமிழ் தெரிந்த ஒரே தாதி நான் என்பதால் வந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்து வாட்டுகளிலிருந்தும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். டொக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்லிவிட்டு ஓடிவந்தால், என் ஊசிகளும் மருந்துக் கட்டுகளும் அப்படியே காத்திருக்கும். கால்களுக்குத்தான் சம்பளம், நாக்கு இலவசம். மாலை வேலை முடிந்து கட்டுகஸ்தோட்டை வாடகை அறைக்குப் போய், விடியுமுன் மறுபடி பஸ்ஸில் நிற்கும் நாட்களில் செக்குமாடு கூட என்னைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கும்.

களைப்பு முதலில் கால்களைத் தின்றது, பிறகு பேச்சையும் தின்றது. டொக்டர் பத்து வசனம் சொன்னால் நான் மூன்றில் முடித்தேன்.

அப்படியொரு மாலையில்தான் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த அம்மாவிடம் போனேன். தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கர்ப்பப்பை இறங்கி, நடப்பதே வேதனை. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த ஒப்பரேஷன் மறுநாள் காலை. பன்னிரண்டு மணிக்குப் பிறகு வாயில் ஒன்றும் படக்கூடாது, தண்ணீர் கூட ஆகாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"ராத்திரி பன்னெண்டுக்கு மேல சாப்பிடாதீங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

"சரிங்க மிஸ்ஸி" என்றார்.

காலையில் ஒப்பரேஷன் தியேட்டர் சட்டை போட்டு, தலை பின்னி, தயாராக உட்கார்ந்திருந்தார். ஏதாவது குடித்தாரா என்று கேட்கும்படி டொக்டர் சொன்னார். கேட்டேன்.

"தேத்தண்ணி மட்டுந்தாங்க. பக்கத்துக் கட்டில் அக்கா பால் போட்டுக் குடுத்தாங்க. ஒண்ணும் சாப்பிடலைங்க."

நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். எங்களுக்குத் தேத்தண்ணி சாப்பாட்டில் சேராது. வேறெந்தத் தாதிக்கும் தெரியாவிட்டாலும் எனக்கு அது தெரியும்.

பட்டியலில் அவர் பெயரை வெட்டினார்கள். அடுத்த திகதி மூன்று மாதம் கழித்து.

"குடிக்கக் கூடாது என்று இந்த மிஸ் சொல்லவில்லையா? கேளுங்கள்" என்றார் டொக்டர்.

என்னைப் பற்றிய கேள்வியை நானே கேட்டேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். அழுதுவிடுவேன் போல இருந்திருப்பேன்.

"நீங்க சொன்னீங்க, நாந்தான் கேக்காம குடிச்சேன்னு சொல்லிருங்க. நம்ம புள்ள ஏச்சு வாங்க வேணாம்."

அங்கே இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லச் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன்.

டொக்டர் ஏசத் தொடங்கினார். சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, இன்னொரு நோயாளிக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் வீணாகிவிட்டது என்று நீளமாக ஏசிவிட்டு, "சொல்லுங்கள்" என்றார். சுருக்கினால் சந்தேகம் வருமோ என்று பயந்து, ஒரு சொல் விடாமல் தமிழில் ஏசினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் தலை குனிந்து முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சேலையைக் கட்டி, பையை எடுத்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி வாட்டு வாசலைத் தாண்டிப் போனார்.