ஏசிக்கு அடியில் இருந்த கேன்

அபுதாபி முசஃபாவில், தொழிலாளர் கேம்பில் எங்கள் அறையில் ஆறு பேர். 2006 கோடையில் அங்கே பீர் தயாரானது. செய்தவன் புதுக்கோட்டைப் பக்கத்துப் பைப் ஃபிட்டர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். ஊரில் அவன் வீட்டுச் சுவர் ஜன்னல் உயரம் வரை எழும்பி நின்றது. கூரை போட இன்னும் இரண்டு வருட வேலை வேண்டும் என்பான்.

போதையில்லாத மால்ட் பானம், சர்க்கரை, ஈஸ்ட், ஒரு தண்ணீர்க் கேன். கேனின் அடியில் அவனே பித்தளைக் குழாய் பொருத்தியிருந்தான். வெள்ளிக்கிழமை மதியம் திறப்போம். முதல் டம்ளர் எனக்கு.

"குடிச்சுப் பாத்து எழுதுங்கண்ணே. புளிக்குதா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா எவ்வளவு? ஸ்டோர் கீப்பர் மாதிரி சொல்லுங்க."

நான் ஸ்டோர் கீப்பர்தான். ஊறவைத்த நாள், திறந்த நாள், ருசி எல்லாம் என் டைரியில் உள்ளன.

சூடு பட்டால் கேன் கெட்டுவிடும். டியூட்டிக்குப் போகும்போது ஏசியை அணைக்க வேண்டும் என்பது கேம்ப் விதி. அவன் பஸ் ஐந்து மணிக்கு, என் பஸ் ஆறரைக்கு. கடைசியாகக் கதவைப் பூட்டுபவன் நான் என்பதால், ஏசியை ஓடவிட்டுப் போவது என் பொறுப்பு. ஓடும் ஏசி வெளியே தண்ணீர் சொட்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு புதன்கிழமை, வரிசையில் எங்கள் ஜன்னலுக்குக் கீழே மட்டும் மணல் நனைந்திருப்பதை, கேம்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸ் பார்த்தார். ஏசியை அணைக்க மாற்றுச் சாவி போட்டு உள்ளே வந்தவர், அதன் அடியில் இருந்த கேனைக் கண்டுபிடித்தார்.

மாலையில் ஆறு பேரையும் நிறுத்தி, கேன் யாருடையது என்று இந்தியில் கேட்டார்.

"மேரா," என்று அவன் முன்னால் வந்தான்.

ஏசியைப் போட்டுவிட்டுப் போனது யார் என்று கேட்டார். அதற்கும் அவனே கையைத் தூக்கினான். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் விசா கேன்சல் ஆனது. அவன் பெட்டி கட்டும்போது, "ஏசி நான்தான்னு சொல்லிடுறேன்" என்றேன்.

"எதுக்கு? ரெண்டு பேரும் ஒரே பிளைட்ல போகவா? உங்க பொண்ணு காலேஜ் முடிக்கட்டும். விடுங்கண்ணே." பெட்டியின் மேல் முழங்காலை வைத்து ஜிப்பை இழுத்தான். "இந்த வாரம் நல்லா வந்திருக்கும்."

நான் சொல்லவில்லை. அந்த வாரப் பக்கத்தில் 'ஏசியைப் போட்டது நான்' என்று எழுதி, அவன் தந்த ஊர் நம்பரைக் கீழே குறித்தேன். அந்த நம்பருக்கு இதுவரை நான் பேசியதில்லை.