இறக்காத கம்பி

மதினி பேசினால் சுவரில் மாட்டியிருந்த டிரம் பதில் சொல்லும். நான் கதை விடவில்லை. "தம்பி, காப்பி ஆறுது, வாங்க" என்று அவர் அடுப்படியிலிருந்து கூப்பிடும்போது, நடுவீட்டு ஆணியில் தொங்கிய அந்தப் பித்தளை சைடு டிரம் ‘ஸ்ர்ர்ர்’ என்று ஒரு தரம் சிலிர்த்து அடங்கும். பக்கத்தில் ஒருவரும் இருக்க மாட்டோம். அம்மா கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு ‘முருகா முருகா’ என்பாள். மதினி மட்டும் டிரம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

அது மதினியின் புருஷன், என் அண்ணனுடைய டிரம். அண்ணன் லாரி ஓட்டினார். கொடைக்கானலில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்குவார். லோடு இல்லாத நாட்களில் ஊர் பேண்டு செட்டில் சைடு டிரம் அடிப்பார். வெள்ளைக்காரர்கள் பங்களாக்களைக் காலி செய்துவிட்டுக் கப்பலேறிய காலத்தில், ஏதோ ஒரு துரை வீட்டுச் சாமான் ஏலத்தில் எடுத்தது அது. அடித்தோலை ஒட்டி வரிசையாகக் கம்பிகள் ஓடும். பக்கவாட்டில் உள்ள சின்ன லிவரை ஏற்றினால் கம்பி தோலோடு இறுகும்; அடித்தால் சோளம் பொரிகிற மாதிரி கலகலக்கும். இறக்கினால் கம்பி தளர்ந்து, வெறும் ‘தொம் தொம்’தான். கல்யாணத்துக்குக் கம்பியை ஏற்ற வேண்டும், சாவுக்கு இறக்க வேண்டும். பட்டாளத்தில் இருந்து வந்த பேண்டு மாஸ்டர் வைத்திருந்த சட்டம் இது. எங்கள் ஊர் செண்பகனூரில் அது எல்லோருக்கும் தெரியும். கம்பி இறக்கின சத்தம் தெருமுனையில் கேட்டாலே, "யாரு போயிட்டாங்க?" என்று பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில், மூடுபனி விலகாத ஒரு காலையில், மலைப்பாதை வளைவு ஒன்றில் அண்ணனின் லாரி உருண்டது. அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பேண்டு செட் முழுவதும் கூப்பிடாமலே வந்து நின்றது. அவருடைய டிரம்மையே அவருக்கு அடிப்போம் என்று மாஸ்டர் அதைக் கையில் எடுத்தார். மலை ஈரத்தில் லிவர் துருவேறி இறுகிக் கிடந்திருக்கிறது. மாஸ்டர் அழுதுகொண்டே முரட்டுத்தனமாக அழுத்தினார். லிவர் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. கம்பி இறங்கவில்லை. பாடையைத் தூக்கியாகிவிட்டது, நின்று பார்க்க நேரமில்லை. அப்படியே அடித்தார்கள். என் அண்ணன் கல்யாணச் சத்தத்தோடு சுடுகாட்டுக்குப் போனார்.

மதினி அன்றைக்கு அழவில்லை. பெண்கள் எவ்வளவோ கட்டிப்பிடித்து உலுக்கிப் பார்த்தார்கள். காரியமெல்லாம் முடிந்ததும் அய்யம்பாளையத்திலிருந்து வந்திருந்த அவருடைய அப்பா, "கெளம்பு தாயி, நம்ம ஊருக்குப் போவோம்" என்றார். "கம்பியே எறக்கலையேப்பா. அவரு இன்னும் போகல. நான் மட்டும் எப்படி வர்றது?" என்றார் மதினி. துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று நாங்கள் விட்டுவிட்டோம். அப்புறம் ஒருநாள் டிரம் பதில் சொல்ல ஆரம்பித்தது.

நான் பஜாரில் ஓர் இரும்புக்கடையில் வேலை பார்த்தேன். இறுகின கம்பி சத்தத்துக்கு அதிரும் என்பது எனக்குத் தெரியாதா? எடுத்துச் சொன்னேன். "அப்ப ஒங்க சத்தத்துக்கு ஏன் அதிரல?" என்று ஒரே போடாகப் போட்டார் மதினி. உண்மைதான். நானும் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். அது வாயே திறக்கவில்லை. அவருடைய குரல்தான் அந்தக் கம்பிக்குப் பொருந்தியிருந்தது. என்ன குழம்பு வைக்கலாம் என்று அதனிடம் கேட்பார். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருக்கும், அவர் அதன் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். ஆள் துரும்பாகிவிட்டார்.

"ஏலே, அந்தக் கம்பிய வெட்டி எறிடா. இந்தப் புள்ளயையும் அது கொண்டுக்கிட்டுப் போயிரும்" என்று அம்மா அழுதாள். நான் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு போனேன். மதினி டிரம்மை மறைத்துக்கொண்டு நின்றார். "ஒரு தடவ என் தாலிய அறுத்தாச்சு. ரெண்டாம் தடவயும் அறுக்கணுமா தம்பி?" என்றார். பிளேயரை அங்கேயே போட்டுவிட்டு வெளியேறினேன். அவர்மேல் கோபம், அண்ணன்மேல் கோபம், டிரம்மை விற்றுவிட்டுக் கப்பலேறிய அந்தத் துரைமேல்கூடக் கோபம்.

கடைசியில் ஒரு பூண்டுக்காரியால் காரியம் திரும்பியது. மேல்மலையிலிருந்து பூண்டு கொண்டுவருகிற பெண், முன்பின் வராதவள், வாசலில் கூடையை இறக்கிவிட்டு, "பூண்டு வேணுமா தாயீ" என்றாள். நடுவீட்டில் ‘ஸ்ர்ர்ர்’ என்றது. மதினி முறத்தோடு அப்படியே நின்றார். "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். அவளும் சொன்னாள். மறுபடியும் ‘ஸ்ர்ர்ர்’. அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, ஒங்க வீட்டுக் கொட்டுக்கும் பூண்டு வேணுமாம்ல!" என்று சிரித்தாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும். மதினி பூண்டை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். யாரோ ஒருத்தி குரலுக்கும் பதில் சொல்கிற டிரம்மின் முன்னால் அன்று அவர் போய் உட்காரவில்லை.

மறுநாள் வெள்ளனே கடைக்கே வந்துவிட்டார். அண்ணன் போனபின் அவர் பஜாருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. "அதுக்கு ஒரு லிவர் வச்சுக் குடுங்க தம்பி. வெட்ட வேண்டாம். எறக்கணும். முறையா எறக்கணும்" என்றார்.

டிரம்முக்கான லிவர் மதுரைக்குப் போனாலும் அகப்படாது. கடையில் ஒவ்வொரு டப்பாவாகக் கவிழ்த்துப் பார்த்தேன். ஜன்னல் கொக்கியை வைத்துப் பார்த்தேன், அடி விழுந்தால் கழன்றுவிடும் போலிருந்தது. பிறகுதான் அலமாரிக் கதவுக்குப் போடும் சின்னத் தாழ்ப்பாள் கண்ணில் பட்டது. அதை டிரம்மின் பக்கவாட்டில் நெட்டுக்குத்தாக நிறுத்தினேன். பழைய லிவர் இருந்த துளைகளிலேயே போல்ட் கொடுத்து, பித்தளை நசுங்காமல் சைக்கிள் டியூபில் வாஷர் வெட்டிப் போட்டேன். கம்பியின் நுனிக் கயிற்றைத் தாழ்ப்பாளின் குமிழில் கட்டினேன். மேலே தள்ளித் திருப்பினால் கம்பி இறுகி நின்றது. கீழே விட்டால் தளர்ந்தது. இழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் மறுபக்கம் காது வைத்த நட்டு ஒன்று. பார்க்கச் சகிக்காது, ஆனால் கச்சிதமாக வேலை செய்தது.

கம்பியை இறுக்கியபடியே வீட்டுக்குக் கொண்டுபோனேன். மதினி குளித்து, தலையை முடிந்துகொண்டு காத்திருந்தார். தாழ்ப்பாளைத் தானே பிடித்துக் கீழே இறக்கினார். "அடிங்க தம்பி. அன்னிக்கு அடிக்காம விட்டத அடிங்க" என்றார். எனக்கு வாசிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டுக் காதில் இருந்ததை அடித்தேன். தொம். தொம். தெருவில் யாரோ, "யாருங்க, யாரு போனது?" என்று கேட்டார்கள். அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் நிறுத்தினதும் மதினி டிரம்மின் முன்னால் வந்து நின்றார். லாரிக்குக் கிளம்பும் அண்ணனிடம் தினமும் "போயிட்டு வாங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார்.

"சரி, போங்க" என்றார்.

டிரம் அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, அன்றைக்கு அழாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அழுதார். அம்மா ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டாள்.

அந்த மாதமே அய்யம்பாளையத்துக்குப் போனார், பயிற்சிப் பள்ளியில் படித்து டீச்சரானார், இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டார். இப்போது பேரப்பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார். டிரம்மைப் பேண்டு செட்டுக்கே கொடுத்துவிட்டோம். மதினியைப் பார்க்க நான் எப்போதாவது மலையிறங்குவேன். பஸ் அந்த வளைவில் திரும்பும்போது பக்கத்துச் சீட்டுக்காரர் காதில் விழாதபடி முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொள்வேன்.

"போயிட்டு வர்றேண்ணே."